படித்துக் காட்டப்பட்டது

ஏனுங்க சார், கொஞ்சம் முன்னால சாஞ்சாப்ல உக்காருங்களேன். உங்களுக்கு இடைஞ்சல் பண்றதுக்குச் சொல்லலீங்க. முன்னால, பொம்பளைங்க பக்கம், மூணாவது சீட்டுல சன்னலோரம் ஊதாச் சேலை கட்டி ஒரு அம்மா உக்காந்திருக்குது பாருங்க. அது திரும்புனா என்னையப் பாத்துரும். நீங்க இப்புடி இருந்தீங்கன்னா நான் மறைஞ்சுக்குவேன். ஆங், அதேதான். போதுமுங்க. ரொம்பச் சந்தோசம்.

கடன் கிடன் ஒண்ணுமில்லீங்க. கடனா இருந்தா மூஞ்சியப் பாத்து நாளைக்குத் தர்றேன்னு சொல்லிப்போட்டுப் போயிரலாமே. இது அப்புடியில்லீங்க.

என்ற பேரு சென்னியப்பன். செங்காட்டுப்பதி பேரூராட்சி ஆபீசுல ஹெட் கிளார்க்கு. முப்பத்தொரு வருசம் சர்வீசு, வர்ற மே மாசக் கடைசியில ரிட்டயர்டு. இத்தனை வருசத்துல ஒரு மெமோ வாங்குனதில்லீங்க. அந்தம்மா பேரு மாராத்தா. எங்க ஆபீசுல தூய்மைப் பணியாளரா இருந்துச்சு. இப்ப இல்ல. வேலை போயி ரெண்டு வருசமாச்சு. போனதுக்கு நாந்தான், சரி, நானுந்தான் காரணம்னு வெச்சுக்குங்க.

ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் போறோம். கலெக்டர் ஆபீசு வளாகத்துல எங்க டிபார்ட்மெண்டு உதவி இயக்குநர் இருக்கறாரு. பதினோரு மணிக்கு மேல்முறையீட்டு விசாரணை. அந்தம்மாளுக்கு வேலை திரும்பக் கெடைக்குமா கெடைக்காதான்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும். அது மனுக்காரி. நான் சாட்சி. இந்த பஸ்ஸை உட்டா அடுத்தது பன்னண்டு மணிக்குத்தான், அதனால ஏறித் தொலைச்சேன். அது முன்வாசல்ல ஏறுச்சு, நான் பின்வாசல்ல ஏறுனேன். என்னைய அது பாக்கலீங்க. பாத்திருந்தா வணக்கம் சொல்லியிருக்கும். இன்னமும் சொல்லும், அதுதான் பிரச்சனையே.

நீங்க எங்க எறங்கறீங்க? கடைசி பஸ் ஸ்டாண்டா? மக ஊட்டுக்கா, நல்லதுங்க. கலெக்டர் ஆபீசு அதுக்கு முன்னாலயே வந்துரும். அப்ப நான் எறங்கற வரைக்கும் எனக்கு மறைப்பு இருக்குது.

எங்க வேலையில ஒரு சட்டம் இருக்குதுங்க. உள்ளாட்சியில சம்பளம் வாங்கறவன் அரசியல் பண்ணப்படாது. ஓட்டுப் போடலாம், அதோட சரி. ஓட்டுக் கேக்கப்படாது, மேடையேறப்படாது, வேட்பாளர் கூட நடக்கப்படாது, கொடி புடிக்கப்படாது. நல்ல சட்டந்தானுங்க, நான் கொறையே சொல்ல மாட்டேன். குழாயத் தொறந்து உடறவன் ஒரு கட்சிக்காரனா இருந்தா இன்னொரு கட்சிக்காரன் தெருவுக்குத் தண்ணி வருமா, சொல்லுங்க. அதனால நான் இந்த முப்பத்தொரு வருசத்துல அரசியல் பக்கம் தலை வெச்சுப் படுத்ததில்லீங்க.

எங்க பழைய தலைவர் பொங்கியண்ணனுக்கு வார்டு ஓட்டர் லிஸ்டைத் தெருவாரியா, ஊட்டுவாரியா எழுதிக் குடுத்தேன். செத்தவிக பேரை அடிச்சு, கட்டிக்குடுத்துப் போன புள்ளைகளக் குறிச்சு, நாப்பது பக்கம். அது அரசியல் இல்லீங்க, எழுத்து வேலை. எனக்குக் கையெழுத்து குண்டு குண்டா நல்லாருக்கும். அவரு கேட்டாரு, குடுத்தேன். அதை உடுங்க.

விசயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு எலக்சனுக்கு முன்னாலயும் மேலிடத்துலருந்து ஒரு சுற்றறிக்கை வரும். ஊழியர் ஆரும் அரசியல்ல ஈடுபடப்படாது, மீறுனா நடவடிக்கைன்னு மூணு பக்கம். அதை ஊழியர் எல்லாருக்கும் படிச்சுக் காட்டோணும். படிச்சுக் காட்டுனதுக்கு அத்தாட்சியா ஒரு தாள்ல கையெழுத்து வாங்கோணும். "படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்"னு மேல எழுதி, கீழ வரிசையாப் பேரு. அந்தத் தாளை மேல அனுப்பிப்போட்டா வேலை முடிஞ்சுது.

ஆரு சார் படிச்சுக் காட்டறா? நீங்களே சொல்லுங்க. காலைல அஞ்சரை மணிக்கு மஸ்டர், ஆளெடுப்பு. இருபத்திமூணு பேரு வண்டியும் வெளக்குமாறுமா நிக்கறாங்க. அந்நேரத்துல போயி "மேற்படி விதிகளின்கீழ்"னு மூணு பக்கம் படிச்சா ஆருக்குப் புரியும்? அதனால நான் என்ன பண்ணுவேன்னா, மாசாமாசம் அவிகளுக்குச் சோப்பும் தேங்காயெண்ணெயும் குடுக்கறதுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதுக்கும் கையெழுத்து வாங்கோணும். சோப்புத் தாளுக்கு அடியில சுற்றறிக்கைத் தாள வெச்சு, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு"ன்னு ரெண்டுலயும் வாங்கிக்குவேன். சோப்பும் போயிரும், சுற்றறிக்கையும் போயிரும். இது நான் கண்டுபுடிச்சதில்லீங்க. எனக்கு முன்னால இருந்த ஹெட் கிளார்க்கு அப்புடித்தான் பண்ணுனாரு. பக்கத்து ஊர்லயும் அப்புடித்தான்.

மாராத்தா பதினொரு வருசம் தினக்கூலி. அப்பறம் நிரந்தரமாச்சு. நிரந்தரமாகறப்ப அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். நாந்தானுங்க சொன்னேன், "மாராத்தா, இனி நீ கவர்மெண்டு ஆளு, கைநாட்டு வெச்சா நல்லாவா இருக்குது?"ன்னு. ஒரு வாரம் தம்பிகிட்ட எழுதிப் பழகிட்டு வந்து, ஆபீசுல எல்லாரும் பாக்க, நாக்க வெளியில நீட்டிக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சுது. மா, ரா, அதுக்கப்பறம் அந்தத் "த்"துக்குப் புள்ளி வைக்க மறந்துட்டு, போன பொண்ணு திரும்பி ஓடியாந்து வெச்சுட்டுப் போச்சு. நாங்க எல்லாம் சிரிச்சோம். அதுவும் சிரிச்சுது.

அது போட்ட கையெழுத்தே அதுக்கு எமனா வந்துச்சுங்க.

நிரந்தரமாகி ரெண்டாவது வருசம் எலக்சன் வந்துது. ஒம்பதாவது வார்டுல பொங்கியண்ணன் நிக்கறாரு. அவரு செயிச்சா மறுபடியும் தலைவரு. அவரை எதுத்து நின்னது ஆருன்னு நெனைக்கறீங்க? மாராத்தாளோட தம்பி திருமூர்த்தி. ஒர்க்‌ஷாப்புல லேத்து ஓட்டற பையன், முப்பது வயசு, சுயேச்சை. அவிக காலனிக்குத் தார் ரோடு போடறேன்னு பதினஞ்சு வருசமா ஏமாத்திக்கிட்டிருந்தாங்களா, அவன் வீறாப்பா நின்னுட்டான். நான் கூட மாராத்தாகிட்டச் சொன்னேன், "உன் தம்பிக்கு எதுக்கு இந்த வேலை, பெரிய எடத்துல மோதறான்"னு. "நான் சொன்னாக் கேக்கறானுங்களா சார்"னு வெளக்குமாத்தைத் தட்டிக்கிட்டே போயிருச்சு.

அன்னிக்கு அதுக்கு வேலை அவிக காலனிப் பக்கந்தான். பச்சைக் கோட்டு மாட்டி, கையுறை போட்டு, சாக்கடை வழிச்சுக்கிட்டிருக்குது. திருமூர்த்தி ஓட்டுக் கேட்டு அந்தத் தெருவுக்கு வர்றான். கழுத்துல மாலை, பின்னால பத்துப் பசங்க, ஒரு தப்பட்டை. பொம்பளைங்க ஊட்டுக்கு ஊடு ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கறாங்க. அதுல ஒரு பொம்பளை தட்டை எடுத்துட்டு வந்து மாராத்தா முன்னால நீட்டி, "கூடப் பொறந்தவ நீ இருக்கறப்ப நாங்க எடுத்தா நல்லாவா இருக்கும்"னு கேட்டுருக்குது. எங்க பக்கம் அது பெரிய விசயமுங்க. கல்யாணத்துல இணைச்சீர் செய்யறது ஆரு? கூடப் பொறந்தவதானே. இவ எடுக்காம ஒதுங்குனா, அக்காளே வேண்டாம்னுட்டான்னு ஊரு பேசும். அது கையுறையக் கழட்டிச் சாக்கடைத் திட்டுல வெச்சுட்டு, கையைச் சேலையில தொடைச்சுட்டு, மூணு சுத்துச் சுத்தி நெத்தியில ஒரு பொட்டு வெச்சுது. அவ்வளவுதான் சார். அரை நிமிசம் இருக்குமா? மறுபடி கையுறைய மாட்டிட்டு சாக்கடையில எறங்கிருச்சு.

ஆரோ போட்டோ எடுத்துப்போட்டாங்க. பச்சைக் கோட்டு, அதுல பேரூராட்சின்னு பேரு, கையில தட்டு, எதுத்தாப்ல மாலை போட்ட வேட்பாளரு. எல்லாம் ஒரே போட்டோவுல.

பொழுதோட பொங்கியண்ணன் என்ற ஊட்டுக்கு வந்தாரு. போனை நீட்டி, "இது நம்ம ஆபீசு ஆளுதானே, பேரு என்னப்பா?"ன்னாரு. பேரூராட்சித் தலைவரா அஞ்சு வருசம் இருந்த மனுசன், எத்தனை தடவை அந்தம்மா அவரு ஊட்டு முன்னால கூட்டியிருக்கும், பேரு தெரியல. நான் சொன்னேன். கேட்டாச் சொல்லாம எப்புடிங்க? அப்பறம், "ஒரு மனு எழுதோணும், வாசகம் சரியா இருக்கோணும்"னாரு. நான் எழுதலீங்க. நான் வாசகம் மட்டுஞ் சொன்னேன். அவரு மச்சான் எழுதுனான். மறுநா காலைல ஆபீசுக்கு அந்த மனு வந்துது. நானே வாங்கி, நானே முத்திரை குத்தி, நானே நம்பர் போட்டு, "உரிய நடவடிக்கைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது"ன்னு குறிப்பு எழுதி வெச்சேன். ஹெட் கிளார்க்கு வேலை அதுதானுங்களே.

என்ன சார் சிரிக்கறீங்க? இல்லியா? சரி சரி.

நீங்க நெனைக்கறது தெரியுது. எங்க ஊட்லயும் எடுத்தாங்க, இல்லைங்கல. பொங்கியண்ணன் எங்க தெருவுக்கு வந்தப்ப எங்க ஊட்டம்மா ஆரத்தி எடுத்தா. அவரு தட்டுல ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் வெச்சாரு. ஆனா எங்க ஊட்டம்மா கவர்மெண்டு ஊழியர் இல்லீங்களே! நான் வெளியவே வரல. கதவுக்குப் பின்னால நின்னேன். காத்துக்குச் சூடம் அணைஞ்சு போச்சுன்னு அவ கத்துனா, தீப்பெட்டிய மட்டும் எட்டி நீட்டுனேன். அதை ஆரும் போட்டோ எடுக்கல. அது வேற, இது வேறங்க.

சரி, மத்ததெல்லாம் போகட்டும். அதுக்கெல்லாம் எனக்கு வருத்தமில்ல. என்னைய அரிக்கறது ஒண்ணே ஒண்ணு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மாராத்தாளை சஸ்பெண்டு பண்ணி, குற்றச்சாட்டுக் குறிப்பாணை குடுத்துட்டாங்க. பதினேழு 'பி'ன்னு சொல்லுவோம், அது வந்துதுன்னா வேலைக்கே உலை. விசாரணைக்கு முந்துன நாள் மாராத்தா என்ற ஊட்டுக்கு வந்துச்சு. கேட்டுக்கு வெளியவே நின்னுச்சு. உள்ள வான்னு நான் சொன்னனுங்க, அதுதான் வரல. சொன்னேன்னுதான் நெனைக்கறேன். செருப்பக் கழட்டி ஓரமா உட்டுட்டு, வெறுங்காலோட வெயில்ல நின்னுக்கிட்டுக் கேக்குது.

"சார், ஏதோ காயிதம் எங்களுக்குப் படிச்சுக் காட்டுனதா எழுதியிருக்குதாமா. என்ற கையெழுத்து இருக்குதாமா. நீங்க படிச்ச ஞாபகம் எனக்கு இல்லீங்களே. சோப்புக்குத்தானுங்களே போட்டோம்?"

அதை அது விசாரணையில சொன்னா என்ன ஆகும்? ஹெட் கிளார்க்கு படிக்காமயே படிச்சதா எழுதிக் கையெழுத்து வாங்குனான்னு எனக்கும் ஒரு பதினேழு பி. எம்மகளுக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்குது. சம்பந்தி ஊட்டுக்காரங்க வாத்தியார் குடும்பம். சஸ்பெண்டு ஆன ஆளு எப்புடிப் பந்தல்ல நிக்கறது?

நான் சொன்னேன், "மாராத்தா, நான் சொல்றபடி கேளு. படிச்சாரு, புரிஞ்சுதுன்னு சொல்லிரு. ஒத்துக்கிட்டீன்னா அதிகாரிக்கு மனசு எளகும், லேசா உட்ருவாங்க. இல்லைன்னு வம்பு பண்ணுனா கோவம் வந்துரும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்குவீங்கள்ல சார்?"

"பாத்துக்கறேன்."

கும்புட்டுட்டுப் போயிருச்சு சார். ரோட்டுல கொஞ்சதூரம் போனதுக்கப்பறந்தான் செருப்பைக் கால்ல போட்டுச்சு. நான் கேட்டைப் புடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னேன்.

நான் சொன்னது அத்தனையும் தலைகீழுங்க. முப்பது வருசம் இதுலயே ஊறுனவனுக்குத் தெரியாதா? தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு சொன்னா ஒரு ஊதிய உயர்வை நிறுத்தி, எச்சரிக்கை பண்ணி உட்டுருவாங்க. படிச்சுக் காட்டியும், புரிஞ்சும், வேணும்னே செஞ்சான்னாத்தான் வேலை போகும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். என்ற ஊட்டம்மாகிட்டக் கூட இதச் சொன்னதில்லீங்க. உங்ககிட்டத்தான் மொதமொதச் சொல்றேன். உங்களை இனி எங்க பாக்கப் போறேன்?

விசாரணை அதிகாரி பக்கத்து ஊரு செயல் அலுவலரு. எங்க ஆபீசு மீட்டிங் ஹாலுல மேசை போட்டு உக்காந்திருந்தாரு. மொதல்ல என்னையக் கேட்டாரு. "படிச்சுக் காட்டுனீங்களா?" "காட்டுனனுங்க." அடுத்தாப்ல அதைக் கூப்பிட்டாரு.

"இது உன் கையெழுத்தா?"

"என்றுதுதாங்க."

"ஹெட் கிளார்க் படிச்சுக் காட்டுனாரா?"

மாராத்தா என்னையப் பாத்துச்சு. நான் குனிஞ்சு பேனா மூடியத் திருகிக்கிட்டிருந்தேன்.

"படிச்சாருங்க."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"புரிஞ்சும் எதுக்கும்மா செஞ்ச?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு நான் சொல்லிக் குடுக்கல சார். அது முழிக்குது. என்னையப் பாக்குது, அதிகாரியப் பாக்குது, மறுபடி என்னையப் பாக்குது. கடேசியில, "என்ற தம்பிங்க"ன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான் அதுக்குச் சொல்லத் தெரிஞ்சுது. அதிகாரி அதை எழுதவே இல்ல. "பதில் இல்லை"ன்னு எழுதிக்கிட்டாரு. நான் எதுத்தாப்ல இருந்து தலைகீழாவே வாசிச்சேன், எனக்கு அது பழக்கம்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எந்திரிச்சு, "ஐயா, நான் படிக்கல, தப்பு என்னுது"ன்னு. அஞ்சே அஞ்சு வார்த்தை. பேனா மூடியத் திருகிக்கிட்டே உக்காந்திருந்தேன். அப்பறம் வேலைநீக்க உத்தரவு வந்துது. அதையும் நாந்தான் பதிவு போட்டு, நாந்தான் மாராத்தாகிட்ட ஒப்புதல் கையெழுத்து வாங்குனேன். அது எதுத்தாப்ல நின்னு, நாக்க நீட்டிக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சு கையெழுத்துப் போட்டுச்சு. புள்ளி வைக்க மறக்கல.

திருமூர்த்தி தோத்துட்டான். பொங்கியண்ணன் இப்ப மறுபடியும் தலைவரு. எம்மக கல்யாணம் நல்லபடியா நடந்துது. மாராத்தா கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவற வேலைக்குப் போகுதுன்னு தெரியாமத்தான் நாங்க அந்த மண்டபத்தைப் புடிச்சிருந்தோம். பந்தி முடிஞ்சு கை கழுவப் போறேன், அண்டாவுக்குள்ள பாதி உடம்பு வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்குது. என்னையப் பாத்ததும் கரிக்கையோட கும்புட்டு, "புள்ள மகராசியா இருக்கட்டுமுங்க சார்"னு சொல்லுச்சு. திட்டியிருந்தாத் தேவலை. மண்ண வாரித் தூத்தியிருந்தாக் கூடத் தேவலை சார். இது என்ன சார், இப்புடி?

அதுக்கப்பறம் ஊழியர் சங்கத்துக்காரங்க ஆரோ அதைக் கூட்டிட்டுப் போயி மேல்முறையீடு போட்டுட்டாங்க. சுற்றறிக்கை படிச்சுக் காட்டவே இல்லைன்னு மனுவுல எழுதியிருக்குது. ஆனா அது முன்னால குடுத்த வாக்குமூலம் குறுக்க நிக்குதே. இப்ப மாத்திச் சொன்னா ஆரு நம்புவா? அதனால இன்னிக்கு எல்லாம் என்ற வாயிலதான் இருக்குது.

இந்தாங்க, இதைப் பாருங்க. ஃபைலுக்குள்ள வெச்சிருக்கேன். இது அந்த மாசத்துச் சோப்புத் தாளு. பழைய கட்டுல தேடி எடுத்தேன். இது சுற்றறிக்கைத் தாளோட நகலு. தேதி ஒண்ணு. பேனா ஒண்ணு. இருபத்திமூணு பேரும் அதே வரிசை. இங்க பாருங்க, ஏழாவது ஆளு கையெழுத்துல எண்ணெய்க் கறை, அடித்தாள்ல ஊறுனது நகல்லயும் அதே எடத்துல விழுந்திருக்குது. ரெண்டையும் பக்கத்துல வெச்சாக் கண்ணு தெரியாதவனுக்குக் கூட வெளங்கிரும், ஒரே மூச்சுல வாங்குனதுன்னு. இதை நான் எடுத்து மேசையில வெச்சா அதுக்கு வேலை கெடைச்சுரும். எனக்கு என்ன ஆகும்? ரிட்டயர்மெண்டை நிறுத்தி வெப்பாங்க. பென்சன் இழுக்கும். ஒருவேளை ஒண்ணும் ஆகாமயும் போலாம். இந்த உதவி இயக்குநரு கொஞ்சம் நல்ல மனுசன்.

நேத்தே முடிவு பண்ணிட்டேன், சொல்லிப்போடறதுன்னு. காலைல குளிச்சுச் சாமி கும்புட்டு இந்தத் தாளை எடுத்து வெச்சப்ப மனசு லேசா இருந்துச்சுங்க. பஸ்ஸுல அதைப் பாத்ததும் ரெண்டு மாசந்தானே, ரிட்டயர்டு ஆனதும் சொல்லலாமேன்னு ஒரு நெனப்பு வருது. ஆனா இன்னிக்கு முடிஞ்சுட்டா அப்பறம் ஆரு கேப்பா? அதுவுந் தெரியுது. நீங்க என்ன சொல்றீங்க? சொல்லத்தானே வேணும்? அட, தலையாட்டறீங்க. எனக்கும் அப்புடித்தான் படுது. சொல்லிரோணும். ஒரு மனுசனா இருந்தாச் சொல்லிரோணும். அங்க போனதும் மொத வேலையா இதைத் தூக்கி வெச்சுரறேன். பாவம் செஞ்சவன் நாந்தானே, நாந்தானே தீக்கோணும்!

கொஞ்சம் இருங்க, கண்டக்டர் வந்துட்டாரு. கலெக்டர் ஆபீசு ஒண்ணு குடுங்க. சில்லறையா இருக்குதுங்க.

என்னங்க? எடுத்தாச்சா? நான் எடுக்கலீங்களே. வேற ஆருக்காச்சும் எடுத்திருப்பாங்க, நல்லாப் பாருங்க.

முன்னால இருக்கற அம்மாவா?

மடியில ஃபைல் வெச்சுட்டுக் கடேசிக்கு முந்துன சீட்டுல இருப்பாரு, கண்ணாடி போட்டிருப்பாரு, பேரூராட்சி ஆபீசு சாரு, அவருக்குன்னு சொல்லுச்சா? அப்புடியேவா சொல்லுச்சு?

சரிங்க. குடுங்க.

பாத்திருக்குது சார். ஏறுறப்பவே பாத்திருக்குது. நான் குனிஞ்சதையும் பாத்திருக்கும். பொம்பளைங்களுக்கு இந்த பஸ்ஸுல டிக்கெட்டுக்குக் காசே கெடையாது, சும்மா வரலாம். எனக்குன்னு காசு குடுத்து எடுத்திருக்குது.

பாத்தீங்களா சார் மனசை! கோவம் இருந்தா எடுக்குமா? எடுக்காது. துளி கோவமில்ல அதுக்கு. நாந்தான் ரெண்டு வருசமா மனசைப் போட்டு ஒழப்பிக்கிட்டுக் கெடக்கறேன், அது எப்பவோ மறந்துபோட்டுருக்குது. அப்பாடா. எனக்கு இப்பத்தான் மூச்சு வருது.

இதுக்கு மேல நான் அங்க போயி அதையும் இதையும் கெளறுனா நல்லாவா இருக்கும்? நீயும் பொய் சொன்னதானே அன்னிக்குன்னு அதையில்ல மொதல்ல கேப்பாங்க. அதுக்கும் சங்கடம், ஆபீசுக்கும் சங்கடம். மண்டபத்துல வேலை இருக்குது, தம்பிக்காரன் இருக்கறான், என்னமோ ஓடிக்கிட்டுத்தான இருக்குது. அதுவே மன்னிச்சுட்டதுக்கப்பறம், இந்தத் தாளு எதுக்கு சார்? உள்ள வெச்சுரலாமுங்களா? இல்ல, நீங்களே சொல்லுங்க, நீங்க படிச்சவரு.

என்ன சார், மூஞ்சியத் திருப்பிக்கறீங்க?

எதுக்கு எந்திரிக்கறீங்க? முன்னால கூட்டமா இருக்குது, நின்னுக்கிட்டு வரோணும். சார், உக்காருங்க சார். உங்க ஸ்டாப்பு இன்னும் வரலீங்களே.